பதினோரு டிகிரி

கதை லோர்னா பியெட்சாக்.
படம் வரைகிறவர் ஒமாஹாவில் இருக்கிறார், பார்த்ததில்லை.
பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்தை நிரப்புகிறவன் நான்.
பஃபலோ நகரம், ஜனவரி.
ஏரிப்பனி ஜன்னலைப் பாதி மூடிவிட்டது.

இந்த மாதம் எங்களிடம் தள்ளிவிடப்பட்டவன்
டாக்டர் தெர்மோஸ்டாட்.
அறுபத்து நான்கில் பிறந்தவன். மொத்தமே மூன்று இதழ்.
மார்பில் ஒரு வட்ட முள், மஞ்சள் கையுறை,
இடுப்பில் எதற்கென்றே தெரியாத ஒரு குழாய்.
பெரிய சண்டைக்கு முன்னால்
ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ள வைத்திருந்தார்கள்.

அவனால் முடிந்தது:
ஓர் அறையின் வெப்பத்தைப் பதினோரு டிகிரி கூட்டுவது.
பன்னிரண்டு முடியாது.
முதல் இதழில் வங்கிக் காவலர்கள் கோட்டைக் கழற்றினார்கள்,
அந்த இடைவெளியில் திருடினான்,
ஒரே குத்தில் விழுந்தான்.
மூன்றாவது இதழில் குத்துகூட இல்லை.
நாயகன் ஜன்னலைத் திறந்தான்,
அவ்வளவுதான்.

நியூயார்க்கிலிருந்து ஆசிரியர் சொன்னார்:
இந்தக் காலத்து வாசகன் சிரித்துவிடுவான்,
முதல் பக்கத்திலேயே ஒரு பள்ளிப் பேருந்தைக் கொளுத்தட்டும்.
பதினொன்றைப் பதினோராயிரம் ஆக்கு.
இல்லையா, செத்துப்போன ஒரு மகளைக் கொடு அவனுக்கு.

லோர்னா இரண்டையும் எழுதிப் பார்த்தாள்.
கொளுத்தியதும் அவன் வேறு எவனோ ஆனான்,
அந்த ரகத்தில் எங்களிடம் ஒரு டஜன் இருக்கிறார்கள்.
மகளோ இரவல் கண்ணீர்,
பக்கம் புரட்டுவதற்குள் காய்ந்தது.
பிறகு ஒன்பது நாள் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்த வாரம் எங்கள் கட்டடத்து பாய்லர் செத்தது.
மூன்று ஸ்வெட்டருக்குள் விரல் விறைக்க
வேறொருவர் கதைக்கு 'டமார்' எழுதிக்கொண்டிருந்தேன்.
கீழ்வீட்டு ஓரின் ஒரு ஹீட்டர் கொண்டுவந்து வைத்தான்.
ஐந்து நிமிடம் என்றுதான் உட்கார்ந்தேன்.
விழித்தபோது இருட்டு.
மூடாத பேனாவில் மை காய்ந்திருந்தது.
நீச்சல் வகுப்பிலிருந்து அடீலைக் கூட்டிவர வேண்டிய நேரம்
நாற்பது நிமிடத்துக்கு முன்னால் போய்விட்டிருந்தது.
மறுநாள் போனில் லோர்னாவிடம்
மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட கதையாகச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
'வைக்கிறேன்' என்றாள், வைத்துவிட்டாள்.

எட்டுப் பக்கம் வந்தது.

நாயகன் மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறான்.
பாலத்தைத் தாங்கிய தோள்,
மூன்று இரவு மூடாத கண்.
நாற்காலி.
அறை இதமாக இருக்கிறது.
இரண்டாம் பக்கத்தில் ஒரு பூட்ஸைக் கழற்றுகிறான்.
மூன்றாம் பக்கத்தில் மற்றதைக் கழற்றவில்லை.
வெளியே சைரன். தலை நிமிர்கிறது, பாதிதான்.
ஐந்தில் இன்னொரு சைரன்.
ஆறில், அலமாரி ஓரத்து முக்காலியில்,
மடிமேல் மடித்துவைத்த மஞ்சள் கையுறைகள்.
ஜன்னல் இடுக்கில் துணி செருகியிருக்கிறது.
அறுபது வருடம்,
அதை அவன் மறக்கவே இல்லை.

கடைசிப் பக்கத்தில் அவனுக்கு ஒரே ஒரு வசனம்.
கெட்டவர்களுக்கென்றே என்னிடம் குமிழிகள் உண்டு:
நடுங்கும் விளிம்பு, கறுப்புப் பின்னணி,
சொட்டுகிற எழுத்து.
எதையும் எடுக்கவில்லை.
வெறும் வெள்ளைக் குமிழி,
வழக்கத்தில் பாதி உயரத்தில் எழுத்து:
'நீங்கள் தூங்குங்கள். இன்னும் நேரமிருக்கிறது.'

சண்டை எங்கே, என்று கேட்டார் ஆசிரியர்.
வெளியே, என்றாள் லோர்னா,
சைரன் போன இடத்தில். யாரும் வந்து சேராத இடத்தில்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, அட்டையிலாவது
ஒரு பேருந்து எரியட்டுமே என்றார்.

சைரனைக் கடைசியில்தான் எழுதினேன்.
முதல் கட்டத்தில் கட்டத்தையே பிளக்கும் அளவு,
அப்புறம் சிறிது, அப்புறம் அதைவிட,
எட்டாம் பக்கத்தில் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.
அதை எழுதும்போது
பூட்டிய நீச்சல்குளத்து வாசலில்
ஈரத் தலையோடு என் மகள் நின்றிருந்த நாற்பது நிமிடத்தை
எழுத்தின் உயரத்துக்கு அளவாக வைத்துக்கொண்டேன்.
லோர்னா கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.